பதினாலாம் கட்டத்தில் பள்ளம் இல்லை

"கையெழுத்துப் போட்டாத்தான் பையைத் தருவாங்களாம்" என்றாள் டிரைவரின் மனைவி. கையிலிருந்த காகிதத்தை அவள் பிடித்திருந்த பிடியில் அது கிழியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

"பைக்குள்ள என்ன இருக்கு, தங்கக்கட்டியா?"

"என் வீட்டுக்காரர் வண்டியில வச்சிருந்ததுதான். ஒரு தலையணை, போர்வை, சோப்பு டப்பா, மாத்திக்க ரெண்டு சட்டை."

"சோப்பு டப்பாவுக்கு இவ்வளவு பெரிய பத்திரமா!" காரை ஓட்டிவந்த ஹேண்ட்பிரேக் லாரிக் கம்பெனி யார்டு வாசலில் அதை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினான். "குடுங்க தங்கச்சி. என்னதான் எழுதியிருக்கானுங்கன்னு பாப்போம்."

அவனுக்கு ஹேண்ட்பிரேக் என்று பெயர் வைத்தவர்கள், அவன் வாய்க்கு அது இல்லாததைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். பதினோரு வருஷம் ட்ரெய்லர் ஓட்டியவன். முதுகு மக்கர் செய்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு சர்வேயரம்மாவிடம் வந்து ஒட்டிக்கொண்டான். சர்வேயரம்மா இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். எழுதிய உண்மைகளை மேலே இருந்தவர்கள் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தியதில் வெறுத்துப்போய், வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய இறங்கிவிட்டார். இப்போது பின்சீட்டில் உட்கார்ந்து, செல்போனில் ஒரே போட்டோவைப் பத்து நிமிஷமாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"'என் கணவர் வியாழக்கிழமை வீட்டிலிருந்து புறப்படும்போதே மிகுந்த சோர்வுடன் காணப்பட்டார்.'" ஹேண்ட்பிரேக்கின் குரலில் இருந்த கிண்டல் பாதியிலேயே காணாமல் போயிற்று. "அடப் பாவிங்களா. இதுல நீங்க கையெழுத்துப் போடணுமா?"

"அன்னிக்கு எட்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினவர். பக்கத்துல படுத்திருந்தவ நான். எனக்குத் தெரியாததா இவங்களுக்குத் தெரியும்?"

வியாழக்கிழமை மதியம் நடந்தது ஊருக்கே தெரியும். தரை ஓடு ஏற்றிய ட்ரெய்லரை யார்டில் மாட்டிக்கொண்டு அவள் கணவன் கிளம்பிய நாற்பதாவது நிமிஷம், இடது பின் சக்கரம் ஜோடியாகக் கழன்று ஓடி, சாலை ஓரமாக சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தபால்காரர் மேல் மோதியது. தபால்காரர் இன்னும் கண் திறக்கவில்லை. டிரைவரை அங்கேயே பிடித்துப் போனார்கள். சக்கரத்தைச் சரிபார்க்காமல் எடுத்தான், தூக்கக் கலக்கத்தில் ஓட்டினான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்பெனி கை கழுவிவிட்டது. திங்கட்கிழமை கோர்ட். மனைவியும் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவன் கதை முடிந்தது. அவனுக்கு ஏழு வயதில் ஒரு மகள். அப்பா வெளியே வருவதற்குள் அவள் பள்ளிக்கூடத்தையே முடித்துவிடுவாள்.

"இதைப் பாரு" என்று சர்வேயரம்மா செல்போனை முன்னால் நீட்டினார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சாய்ந்து கிடக்கும் அந்த ட்ரெய்லரின் பின்பக்கம். காலையில்தான் எடுத்தது. "பம்பர்ல என்ன அது?"

"வெள்ளைப் புள்ளி. ரோட்டுக்குக் கோடு போடற பெயிண்ட் மேடம். காயறதுக்குள்ள டயர் ஏறினா பின்னாடி இப்படித்தான் தெறிக்கும். எனக்கே மூணு தடவை அபிஷேகம் ஆயிருக்கு."

"இப்ப நம்பர் பலகையைப் பாரு."

பார்த்தான். 41 என்ற எண் பளிச்சென்று இருந்தது. பலகைக்கு இந்தப் பக்கமும் புள்ளிகள், அந்தப் பக்கமும் புள்ளிகள். பலகையில் ஒன்றுகூட இல்லை.

"பலகை மட்டும் குளிச்சு முழுகிட்டு வந்த மாதிரி இருக்கே!"

"அதேதான். இறங்கு. உள்ள போனதும் நான் இவளுக்கு அக்கா. நீ அண்ணன்."

கேட்டில் இருந்த காவலாளி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணனா? ஒரு ஜாடையும் இல்லையே."

"அவங்க ரெண்டு பேரும் அப்பா ஜாடை" என்றான் ஹேண்ட்பிரேக். "நான் யார் ஜாடைன்னு வீட்டுல இன்னும் முடிவாகலை."

காவலாளி சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார். மேனேஜர் போனில் இருக்கிறார், டிரைவர்கள் அறையில் காத்திருங்கள் என்றார். டிரைவர்கள் அறை யார்டின் அந்தக் கோடியில் இருந்தது. அதாவது, முழு யார்டையும் குறுக்கே நடந்து கடக்கலாம். சர்வேயரம்மாவுக்கு வேண்டியதும் அதுதான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. தார்த் தரையில் மஞ்சள் கோடு போட்டு, எண் எழுதி, கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். கட்டத்துக்கு ஒன்றாக ட்ரெய்லர்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே உயரம். முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை, அதில் எண். அதைத் தவிர ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெற்ற தாயால்கூட முடியாது.

"இங்கதான் மேடம் என் முதுகு போச்சு" என்றான் ஹேண்ட்பிரேக். "இதே மாதிரி ஒரு யார்டுல. வேலைக்குச் சேரும்போது என்ன சொல்வாங்க தெரியுமா? 'தம்பி, இங்க காத்திருக்கற வேலையே கிடையாது. சரக்கு ஏத்தி சீல் வச்சு ரெடியா இருக்கும். காலி ட்ரெய்லரைக் கழட்டி விடு, ரெடியா நிக்கறதை மாட்டு, போய்க்கிட்டே இரு. கால் மணி நேர வேலை.' கேக்கறதுக்குச் சொர்க்கம்!"

"நிஜத்துல?" என்றாள் டிரைவரின் மனைவி.

"நிஜத்துல, சொன்ன கட்டத்துல சொன்ன ட்ரெய்லர் இருக்காது. நூத்துச் சொச்ச ட்ரெய்லருக்கு நடுவுல தொலைஞ்ச ஆட்டைத் தேடற மாதிரி தேடணும். கண்டுபிடிச்சா டயர்ல காத்து இருக்காது. காத்து இருந்தா பின்னாடி விளக்கு எரியாது. எல்லாம் இருந்தா ஊன்றுகாலை எவனோ கோணலா விட்டுட்டுப் போயிருப்பான். இதோ, இந்த ரெண்டு இரும்புக் கால். ட்ரெய்லருக்கு முன்னாடி சக்கரம் கிடையாது. முன்வண்டியைக் கழட்டினதும் மொத்த பாரத்தையும் இந்தக் காலுதான் தாங்கும். முழு பாரத்தோட கைப்பிடியைச் சுத்தி அதை ஏத்தி இறக்கிப் பாருங்க, அப்பத் தெரியும். உள்ள எப்படி அடுக்கியிருக்கானுங்கன்னும் பாக்க முடியாது, சீல் வச்சிருக்கும். எவனோ ஏத்தினது, எவனோ விட்டுட்டுப் போனது, ரோட்டுக்குப் போயிட்டா எல்லாம் உன் தலையில."

"குறை இருந்தா எழுதிக் குடுக்கக் கூடாதா?"

"குடுக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹேண்ட்பிரேக் முன்னால் நடந்தான்.

பதினாலாம் கட்டம் காலியாக இருந்தது. சர்வேயரம்மா அதன் நடுவில் நின்று, கம்பெனி போலீஸுக்குக் கொடுத்த அறிக்கையின் நகலைப் பிரித்தார். "நாப்பத்தொண்ணாம் நம்பர் ட்ரெய்லர், திங்கள் மாலை இருபத்தி நாலு டன் ஓடு ஏத்தி, சீல் வச்சு, பதினாலாம் கட்டத்துல நிறுத்தப்பட்டது. வியாழன் மதியம் வரைக்கும் யாரும் தொடலை. சக்கரமெல்லாம் போன மாசம்தான் சர்வீஸ் பண்ணினது. இதுதான் இவங்க சொல்றது. நீ பதினோரு வருஷம் இதே வேலை பாத்தவன். இந்த இடத்தைப் பாத்துட்டு உனக்கு என்ன தோணுது சொல்லு."

ஹேண்ட்பிரேக் குனிந்தான். முதுகு அனுமதித்த அளவுக்கு முட்டி போட்டு உட்கார்ந்தான். உள்ளங்கையால் தரையைத் தடவினான். கை சுட்டது. செருப்பைத் தூக்கினால் தார் ஒட்டிக்கொண்டு மனசில்லாமல்தான் விட்டது.

"மேடம்!"

"ம்."

"பள்ளம் இல்லை."

"அதைத்தான் நானும் பாத்தேன். ஏன் இருக்கணும்னு இவளுக்குச் சொல்லு."

"இந்த வெயில்ல தாரு அல்வா மாதிரி ஆயிடும் தங்கச்சி. அதுமேல பாரம் ஏத்தின ட்ரெய்லர் மூணு நாள் நின்னா ஊன்றுகால் ரெண்டும் தரைக்குள்ள இறங்கிடும். நாலு விரல் ஆழம். அதுக்குத்தான் நாங்க அடியில பலகை குடுப்போம். இங்க பலகைத் தடமும் இல்லை, கால் தடமும் இல்லை. இருபத்தி நாலு டன் மூணு நாள் காலைத் தூக்கிக்கிட்டா நின்னுச்சு?"

டிரைவரின் மனைவி வெறும் தரையைப் பார்த்தாள். "அப்போ அந்த ட்ரெய்லர் இங்க நிக்கவே இல்லையா?"

"நின்னிருக்கும். மூணு நாள் நிக்கலை. வியாழக்கிழமைதான் எங்கிருந்தோ கொண்டுவந்து இங்க வச்சிருக்காங்க. எங்கிருந்துன்னு தேடு" என்றார் சர்வேயரம்மா.

தேட அதிக நேரம் ஆகவில்லை. ஒன்பதாம் கட்டத்தில் ஒரு ட்ரெய்லர் நின்றது. பலகையில் 27. பின்கதவில் போக்குவரத்துச் சோதனை அலுவலகத்தின் சிவப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. *ஓட்டத் தடை. இடது பின் சக்கரம், ஹப் பழுது. சரிசெய்யும்வரை சாலையில் எடுக்கக் கூடாது.* தேதி, செவ்வாய்க்கிழமை. கீழே ஒரு கையெழுத்து.

ஹேண்ட்பிரேக் அதன் முன்பக்கம் போய்க் குனிந்தவன், ஒரு விசில் அடித்தான். இரண்டு ஆழமான பள்ளங்கள், நாலு விரலுக்கும் மேலே. ஆனால் அந்த ட்ரெய்லரின் ஊன்றுகால்கள் அந்தப் பள்ளங்களுக்குள் இல்லை. அரை அடி தள்ளி, பள்ளமே விழாத தரையில் லேசாக நின்றன.

"பள்ளம் ஒருத்தன் வெட்டினது, நிக்கறது இன்னொருத்தன்" என்றான். "இது காலி வண்டி மேடம். பாரம் ஏத்தின ஒண்ணு இங்க நின்னிருக்கு. அதை எடுத்துட்டு இதைக் கொண்டுவந்து விட்டிருக்காங்க."

சர்வேயரம்மா இடது பின் சக்கரத்தருகே போனார். சக்கரத்தின் நடுவிலிருந்த ஹப்பின் மூடியைச் சுற்றிப் புது கிரீஸ் பளபளத்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "நோட்டீஸ்ல ஹப் பழுதுன்னு போட்டிருக்கு. இது போன மாசம் சர்வீஸ் பண்ணின ஹப்."

"அதாவது, நோயாளி ரோட்டுக்குப் போயிட்டான். மருந்துச் சீட்டை நல்லா இருக்கறவன் நெத்தியில ஒட்டிட்டானுங்க!"

"பலகையைப் பாரு."

27 என்ற எண்ணின் மேல், இடமிருந்து வலமாக, வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருந்தன. பலகைக்கு வெளியே பம்பரில் ஒரு புள்ளிகூட இல்லை. சர்வேயரம்மா அதைப் போட்டோ எடுத்து, காலையில் எடுத்த போட்டோவின் பக்கத்தில் வைத்தார். அங்கே பாதியில் அறுந்த புள்ளிகளின் வரிசை இங்கே வந்து தொடர்ந்தது. பலகையின் நாலு திருகுகளிலும் புதுக் கீறல்கள். அவசரத்தில் திருகியவன் துடைக்க மறந்திருக்கிறான்.

டிரைவரின் மனைவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. "ஓட்டக் கூடாதுன்னு தடை போட்ட வண்டியை, நம்பரை மாத்தி, என் புருஷன் கையில குடுத்து அனுப்பியிருக்காங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"வாங்க" என்றாள். முன்னால் நடந்தவள் அதன்பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

மேனேஜரின் அறையில் ஏசி சில்லென்று இருந்தது. மேஜைக்குப் பக்கத்தில் தரையில் டிரைவரின் பை, பிணையக் கைதி மாதிரி. மேனேஜர் பேனாவை எடுத்து நீட்டினார். "வாம்மா. கையெழுத்துப் போட்டுட்டுப் பையை எடுத்துக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் பேனாவை வாங்கவில்லை. சர்வேயரம்மா செல்போனை மேஜையில் வைத்தார். இரண்டு போட்டோக்கள், ஒட்டி ஒட்டி.

"நடுத்துண்டு ஒன்பதாம் கட்டத்துல இருக்கு. ரெண்டு ஓரத்துத் துண்டும் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல இருக்கு. சேத்து வச்சா அழகா இருக்கு இல்ல?"

மேனேஜர் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யாருங்க நீங்க?"

"அக்கா" என்றார் சர்வேயரம்மா. "உக்காருங்க. செவ்வாய்க்கிழமை என்ன நடந்துச்சு?"

முதலில் ஒன்றும் தெரியாது என்றார். பிறகு மெக்கானிக்கைக் கேட்க வேண்டும் என்றார். தரையில் பள்ளம் இல்லாததைப் பற்றிச் சர்வேயரம்மா சொல்லச் சொல்ல, ஏசியிலும் அவருக்கு வியர்த்தது.

"செக்கிங் வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? திங்கக்கிழமையே சரக்கு ஏத்தியாச்சு. தடையை ஒட்டிட்டுப் போயிட்டாங்க. இறக்கி வேற வண்டில ஏத்த ஒரு முழு நாள் ஆகும். வியாழக்கிழமைக்குள்ள வரலைன்னா இனிமே சரக்கே தரமாட்டோம்னு ஓட்டுக் கம்பெனிக்காரங்க கழுத்தைப் பிடிச்சாங்க. நான் என்ன பண்றது? நூத்தி இருபது கிலோமீட்டர்தானே, தாங்கிடும்னு நினைச்சேன்."

"தாங்கிடும்னு நினைச்சீங்க" என்றாள் டிரைவரின் மனைவி. "ஓட்டறது நீங்க இல்லையே. நீங்க உக்காந்திருந்தா தாங்குமான்னு யோசிச்சிருப்பீங்க. என் புருஷன்தானே, போனா போறான்!"

"கத்தாதம்மா."

"கத்துவேன்! ஒரு மனுஷன் ஆஸ்பத்திரியில கிடக்கறான். இன்னொரு மனுஷன் உள்ள கிடக்கறான். நீங்க ஏசியில உக்காந்து என் புருஷனுக்குத் தூக்கம் இல்லைன்னு டைப் அடிச்சுக்கிட்டு இருக்கீங்க. வெக்கமா இல்லை?"

ஏதோ முடிவுக்கு வந்தவர் மாதிரி மேனேஜர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து அவள் முன்னால் தள்ளினார்.

"சரி. ரொம்ப நியாயம் பேசற இல்ல? இதையும் பாத்துட்டுப் பேசு."

ட்ரெய்லரைக் கொண்டுவந்து விடும் டிரைவர் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைப்புச் சீட்டு. திங்கட்கிழமை, காலை. ட்ரெய்லர் எண் 27. கட்டம் 9. *குறைகள்: இல்லை.* கீழே கையெழுத்து.

"அது யார் எழுத்து, சொல்லு."

அவள் மூன்று முறை படித்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கும் எழுத்து. மகளின் நோட்டு அட்டையில் பெயர் எழுதிக் கொடுக்கும் அதே எழுத்து.

"அவர் எழுத்து" என்றாள்.

"திங்கக்கிழமை அந்த வண்டியைக் கொண்டுவந்து விட்டதே உன் புருஷன்தான். செவ்வாய்க்கிழமை செக்கிங்ல பாத்தப்ப ஹப் கருகிப்போயிருந்துச்சு. ஓட்டிட்டு வந்தவனுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சே 'இல்லை'னு எழுதி, அடுத்தவன் தலையில கட்டிட்டுப் போயிருக்கான். நீங்க பலகைக் கதையை வெளிய எடுத்தா நான் இந்தச் சீட்டை வெளிய எடுப்பேன். நான் மாட்டினா அவனும் சேர்ந்துதான் மாட்டுவான்." மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பேசாம கையெழுத்தைப் போடு. நாங்களே நல்ல வக்கீல் வைக்கறோம். அசதியில நடந்த விபத்துன்னு சுருக்கமா முடிச்சிடலாம்."

ஹேண்ட்பிரேக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த இடத்தில் அவன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் எத்தனை சீட்டில் "இல்லை" என்று எழுதியிருப்பான்? வழுக்கை டயர், கசியும் பிரேக், நெளிந்த ஊன்றுகால். எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திவிட்டு, எவனோ ஒருத்தன் எடுப்பான் என்று திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறான். அந்த எவனோ ஒருத்தனுக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதை நினைத்தபோது அவனுக்கு அவன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

சர்வேயரம்மா மேனேஜரைக் கண்டுகொள்ளவே இல்லை. "இங்க பாரும்மா. நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்ட அதிகாரியோட நம்பர் என்கிட்ட இருக்கு. கூப்பிட்டா வந்துடுவார். பலகை மாத்தினது நிரூபணம் ஆயிடும். ஆனா இவர் சொல்றதும் பொய் இல்லை. உன் வீட்டுக்காரர் பேரும் அதுல வரும். முழுசா தப்பிக்க மாட்டார். நீ சொல்றதுதான்."

டிரைவரின் மனைவி குனிந்து பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

"கூப்பிடுங்க மேடம்" என்றாள். "வரட்டும். எல்லாரையும் கூப்பிடுங்க. யார் யார் பேர் வருதோ வரட்டும்."

அதிகாரி வர அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை ஒன்பதாம் கட்டத்தில், 27 என்ற பலகையை முதுகால் மறைத்தபடி பம்பர்மேல் உட்கார்ந்திருந்தான் ஹேண்ட்பிரேக். ஸ்பானரோடு இரண்டு முறை வந்த மெக்கானிக்கிடம், "எனக்கு முதுகு வலி தம்பி, நகர முடியாது" என்று இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னான். அதிகாரி நோட்டீஸைப் பார்த்தார், ஹப்பைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். அவர் மேனேஜரைக் கூப்பிட்ட குரலில் மரியாதை இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. இன்ஸ்பெக்டருக்குச் செய்தி முன்பே வந்திருந்தது. "பத்து நிமிஷம்" என்று சொல்லி லாக்கப்புக்கு அழைத்துப் போனார். கம்பிக்குப் பின்னால் டிரைவர் எழுந்து நின்றான். இரண்டு நாள் தாடி. மனைவியைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழமை நீங்க எடுத்தது நாப்பத்தொண்ணு இல்லை. பலகையை மாத்திட்டாங்க. கண்டுபிடிச்சாச்சு."

"அப்படியா!" அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் சொன்னேனே! நான் நட்டெல்லாம் தட்டிப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். அப்ப ஹப்பு ஆறிப்போய் இருந்துச்சு, வெளியில எதுவுமே தெரியலை. அது எந்த வண்டி?"

"இருபத்தேழு."

அவன் கை கம்பியிலிருந்து மெல்ல நழுவியது. அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"திங்கக்கிழமை அதைக் கொண்டுவந்து விட்டது யாரு?" என்றாள்.

அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"ஹப் கெட்டிருந்தது தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"தெரியும்" என்றான். "ஹப்புல தண்ணி ஊத்திப் பாத்தேன். சுர்ருன்னு ஆவியா போச்சு."

"அப்புறம் எந்தக் கையால 'இல்லை'னு எழுதினீங்க?"

"எழுதினா என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாது." அவன் தலையைத் தூக்கவில்லை. "பை வந்துடுச்சா? தலையணை உறைக்குள்ள பாரு."

அவள் கையை விட்டுத் துழாவினாள். மடித்து வைத்த மூன்று ரோஸ் காகிதங்கள். ஒப்படைப்புச் சீட்டின் கார்பன் நகல்கள். முதல் சீட்டு இரண்டு மாதத்துக்கு முந்தையது. *ட்ரெய்லர் எண் 27. குறைகள்: இடது பின் ஹப் சூடாகிறது. உடனே பார்க்கவும்.* அடுத்த இரண்டும் வேறு ட்ரெய்லர்கள், வேறு குறைகள்.

"ஒவ்வொரு தடவை எழுதும்போதும் என்னைப் பெஞ்சுல உக்கார வச்சிடுவாங்க. 'நீதான் ரொம்பக் கவனமான ஆளாச்சே, நல்ல வண்டி வரட்டும், இரு'ம்பாங்க. பின்னாடி வந்தவனெல்லாம் மாட்டிக்கிட்டுப் போவான். பாப்பா ஸ்கூல்ல ஆடினாளே, வர்றேன்னு சொல்லிட்டு வரலைல்ல? அப்ப ரெண்டு நாள் உக்கார வச்சாங்க."

"லோடு லேட்டுன்னு சொன்னீங்க."

"வேற என்ன சொல்றது? பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்கன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? நாலாவது தடவை எழுதலை. எவனாவது எடுப்பான், அவன் எழுதட்டும்னு விட்டுட்டேன்."

"எவன் எடுத்தான்?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"நான் காலைல ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றாள். இப்போது கத்தவில்லை. "தபால்காரரோட சம்சாரம் இருந்தாங்க. நான் யாருன்னு சொன்னேன். அடிப்பாங்கன்னு நினைச்சேன். 'நின்னுக்கிட்டே இருக்கியேம்மா, உக்காரு'ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. அடிச்சிருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கம்பியருகே வந்தான். "மேடம், ஒரு பேப்பரும் பேனாவும் கிடைக்குமா?"

சர்வேயரம்மா பேனாவைக் கொடுத்தார். "ஒண்ணு சொல்லிடறேன். பலகை மாத்தினது, இந்த ரோஸ் சீட்டு, இதெல்லாம் உங்க பக்கம் நிக்கும். ஆனா நீங்க இதை எழுதினா உங்க தப்பும் பதிவாயிடும். தண்டனை குறையும், இல்லாம போகாது."

"தெரியும் மேடம்."

இன்ஸ்பெக்டர் வெள்ளைத் தாள் தேடித் திரும்பினார். அதற்குள் டிரைவரின் மனைவி கையில் கசங்கியிருந்த காகிதத்தை முட்டியில் வைத்து நீவி, கம்பி இடுக்கில் நீட்டினாள். காலையிலிருந்து கையெழுத்துப் போடாமல் சுமந்துகொண்டிருந்த கம்பெனிக் காகிதம்.

"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. இதுல எழுதுங்க."

அவன் அதை வாங்கிச் சுவரில் வைத்தான். சீட்டில் எழுதும் அதே வரிசையில் ஆரம்பித்தான். திங்கட்கிழமை, காலை. ட்ரெய்லர் எண் 27. கட்டம் 9. குறைகள், என்று எழுதிப் புள்ளிகள் இரண்டையும் வைத்துவிட்டு ஒரு கணம் நின்றான்.

வெளியே வெயிலில் அந்த ட்ரெய்லர் இன்னும் சாய்ந்தபடி கிடந்தது. ஹேண்ட்பிரேக் ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் முடிந்துவிட்டதாக ஒரு கான்ஸ்டபிள் வந்து சொன்னபோது, இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். டிரைவர் பக்கத்தின் அடிவரை எழுதிவிட்டு, ஓரத்தில் மீதியிருந்த இடத்திலும் காகிதத்தைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தான்.